மேல்கஞ்சி

எங்கள் சனசமூக நிலையத்தில் இப்போது ஏலாத சனத்துக்கு மத்தியானக் கஞ்சி கொடுக்கிறோம். விறகு கொத்துவேன், தேங்காய் திருவுவேன், கிடாரம் கழுவுவேன். அகப்பையை மட்டும் கையில் வாங்க மாட்டேன். ஆச்சிக்குச் சனத்தைக் கண்டால் வெட்கம் என்று பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வெட்கமும் உண்டுதான்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் வந்தபோது எனக்கு ஏழு வயது. அந்த வருசம் மழை இல்லை, வயல் வேலையும் இல்லை. பள்ளிக்கூட வளவில் ஊர்க்காரர் ஒரு கஞ்சிக் கொட்டில் போட்டு, கைப்பக்குவம் பார்த்து அம்மாவிடம் அகப்பையைக் கொடுத்தார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஊற்றுகிறவள் வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வந்தவர் கூசிப் போவாராம். அம்மா குனிந்தபடி நீட்டிய பேணியை மட்டும் பார்த்து ஊற்றுவாள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரித் தகரப் பேணி. மாறிப் போகாமல் இருக்க என் பேணியின் பிடியில் அம்மா சிவப்பு நூல் கட்டியிருந்தாள். மற்றப் பேணிகள் வந்தால் அகப்பையைக் கிடாரத்தின் அடிவரை விட்டுக் கலக்குவாள். சோறும் பயறுமாக விழும். சிவப்பு நூல் வந்தால் கலக்க மாட்டாள். மேலாக அள்ளி ஊற்றுவாள். அதில் என் முகம் தெரியும்.

ஒரு நாள் என்றால் மறதி. ஒவ்வொரு நாளும் என்றால்? என்னைத் தோட்டத்தில் யாரிடமோ வாங்கி வளர்க்கிறாளோ என்றுகூட யோசித்தேன். வரிசையில் நின்ற பெண்களுக்கும் அம்மாவில் சந்தேகம்தான்.

"மலைநாட்டு ஆக்களிட்ட அகப்பையைக் குடுத்தா, அடியில கிடக்கிறது ஆருக்குப் போகும்?" என்பார்கள். நான் கஞ்சி வாங்கித் திரும்பும்போது என் பேணிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். வெறும் தண்ணீரைக் கண்டதும் தலையை இழுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் எனக்கு முன்னால் நின்ற பிள்ளை பேணியைக் கீழே வைத்துவிட்டுத் தலைமுடி கட்டினாள். நான் என் நூலை அவிழ்த்தேன். நூலைக் காணாவிட்டால் அம்மா தேடுவாள் என்ற பயத்தில் அதை அவளுடைய பேணியில் கட்டிவிட்டேன். அவளுக்குத் தண்ணீர் விழுந்தது. எனக்குப் பயறு.

வேப்பமரத்தடியில் இருந்து நான் வழித்துத் தின்னும்போது அந்தப் பிள்ளையின் தாய் பேணியோடு வந்தாள்.

"எங்கட பிள்ளைக்கு வெறும் தண்ணியே? மிச்சம் ஆருக்கு ஒளிச்சு வைக்கிறீர்?"

வரிசை முழுக்கத் திரும்பியது. அம்மா நூலைப் பார்த்தாள். முதல் தடவையாக நிமிர்ந்து, கண்ணால் தேடி, என்னைக் கண்டுபிடித்தாள். என் வாய் நிறையப் பயறு. பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.

"என் பிசகுதாங்க அக்கா. கொண்டாங்க, மாத்தி ஊத்துறேன்."

அடுத்த நாள் அகப்பை வேறொருத்தியின் கைக்குப் போனது. அம்மாவைத் தண்ணீர் சுமக்க விட்டார்கள். புதியவள் எல்லோருக்கும் போல எனக்கும் கலக்கி ஊற்றினாள். அம்மாவின் கள்ளம் பிடிபட்டதாக எனக்குள் ஒரே சந்தோஷம். அந்த நூல் என் பிள்ளையுடையது, அவளுக்கு நான் தண்ணீர்தான் ஊற்றுவேன் என்று அம்மா சொல்லியிருந்தால் அகப்பை அவளிடமே இருந்திருக்கும். அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வாளித் தண்ணீரோடு அம்மா என்னைக் கடந்து போனாள். நின்று, என் பேணிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பங்கு கேட்பாளோ என்று நான் பேணியைக் கையால் மூடிக்கொண்டேன்.