குதிருக்குள் ஒரு தகர வட்டம்

ஊரில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். அவள் புருஷனுக்குத் தாராளம் என்று பெயர். இரண்டையும் யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் வைத்தவர்கள் அந்த வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்டிருக்க வேண்டும்.

நிலம் இரண்டு ஏக்கர். அதில் மழை மனசு வைத்தால் மக்காச்சோளம். வீட்டின் மூலையில் மார்பளவு உயரத்துக்கு ஒரு தகரக் குதிர். அறுவடையில் அது தளும்பத் தளும்ப நிறையும். நிறைந்த அன்றிலிருந்து தாராளத்துக்கு இருப்புக் கொள்ளாது. பாதையில் போகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வான். விலை அடிமட்டத்தில் கிடக்கிற அந்த மாதத்தில்தான் நாலு மூட்டையை விற்பான். மிச்சத்தில் வண்டு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இப்படியே போய், மூன்று வருஷத்துக்கு முன்னால் விதைச்சோளத்தையே கஞ்சி வைத்துக் குடித்தார்கள். அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் சட்டியை வழித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளை இன்றுவரை விடவில்லை.

அடுத்த அறுவடையில் காதும் காதும் வைத்தாற்போல ஒரு காரியம் செய்தாள். தகரவேலைக்காரரிடம் குதிரின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி வாங்கினாள். தாராளம் ஊருக்கெல்லாம் சோளம் அளந்து கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, குதிரில் முழங்கால் உயரம்வரை சோளத்தை நிரப்பி, மேலே அந்த வட்டத்தைப் போட்டாள். அதற்கு மேல் மிச்சச் சோளத்தைக் கொட்டினாள். கோடையில் தகரம் தெரிந்ததும், "முடிஞ்சுபோச்சுங்க" என்று கையை விரித்தாள். தாராளம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். ஆமாம், முடிந்துதான் போயிருந்தது. வீடு கீரைக்கும் கிழங்குக்கும் இறங்கியது. வழிப்போக்கர்களும் மாயமாக மறைந்தார்கள். பதினைந்து நாள் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில் அடியிலிருந்து ஒரு மூட்டை அள்ளி வைத்தாள்.

"ஏது?"

"எங்க அண்ணன் குடுத்து விட்டுச்சு."

அவள் அண்ணன் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். ஆனால் அந்த வீட்டில் மட்டும் அவர் பெரிய வள்ளல். "மச்சான் மாதிரி உண்டா" என்று தாராளம் சொல்லும்போதெல்லாம் பூட்டுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

இந்த வருஷம் மழை ஏமாற்றியது. விதைப்பே ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. விதைப்பு தள்ளினால் அறுப்பும் தள்ளும் என்று கணக்குப் போட்ட பூட்டு, அண்ணனின் தர்மத்தையும் தள்ளிப்போட்டாள். இன்னும் பத்து நாள் பல்லைக் கடித்துவிட்டு வட்டத்தைத் தூக்கினால் போதும் என்றிருந்தாள். அந்தப் பத்து நாளுக்குள்தான் எல்லாம் வெடித்தது.

காலையில் களை எடுத்துவிட்டு வந்தால், வாசலில் மாட்டுத் தரகர் நிற்கிறார். அவர் கையில் அவர்கள் வீட்டு மாட்டின் கயிறு. அடுத்த மாதம் கன்று போட வேண்டிய மாடு. பிள்ளைகள் பாலுக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்த மாடு.

"நாலு மூட்டை சோளம் தர்றாராம்" என்றான் தாராளம். மாட்டைப் பார்க்காமல் சொன்னான்.

"அவசரப்படாதீங்க. அண்ணன்கிட்டேருந்து வரும்."

"போன வாரம் நானே போய்க் கேட்டேன். அவரும் பாவம், கஷ்டத்துலதான் இருக்காரு. இதுவரைக்கும் ஒரு மணி கூடக் குடுத்ததில்லைன்னு சத்தியம் பண்றாரு. எவ்வளவு பெரிய மனசு பாரு, குடுத்ததையே ஒத்துக்க மாட்டேங்குறாரு."

பூட்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் வட்டத்தின் கதை இன்றோடு முடிந்தது, அடுத்த வருஷம் முழுக் குதிரும் தாராளத்தின் கைக்கு. சொல்லாவிட்டால் மாடு போகும். தரகர் கயிற்றை ஒரு சுற்று கையில் சுற்றினார்.

"உள்ள வாங்க. ரெண்டு பேரும்" என்றாள்.

குதிருக்குள் பாதி உடம்பைக் கவிழ்த்து, வட்டத்தின் ஓரத்தில் கையை விட்டுத் தூக்கினாள். கீழே மஞ்சள் மஞ்சளாகச் சோளம். தாராளம் எட்டிப் பார்த்தான், தகரத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "அப்ப மச்சான்?" என்றான். தரகருக்கு விஷயம் புரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாட்டைக் கட்டிவிட்டுப் போகும்போதும் சிரித்துக்கொண்டே போனார்.

தாராளம் கத்துவான் என்று பூட்டு தயாராக நின்றாள். பதிலும் தயாராகத்தான் இருந்தது. கதவருகில் நின்ற சின்ன மகள்தான் பேசினாள்.

"அப்போ அப்பா இனிமே ராத்திரி சாப்பிடலாமா?"

"சும்மா இரு" என்றான் தாராளம்.

"தினமும் தரகர் மாமா வீட்டுல சாப்பிட்டேன்னு சொல்லிட்டு, அப்பா கொல்லைப்பக்கம் போய்த் தண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்கும். நான் பார்த்தேன். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுச்சு."

இருபது நாளாக அவன் சொன்னதைப் பூட்டு நம்பியிருந்தாள். ஊரான் வீட்டில் வயிறு வளர்க்கிறான் என்று மனசுக்குள் திட்டியும் இருந்தாள். முழங்கால் உயரம் சோளத்தை வைத்துக்கொண்டு இவனைப் பட்டினி போட்டது யார்? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. படியை எடுத்துத் தலைதட்டாமல் அளந்தாள். அன்றைக்கு அடுப்பு மத்தியானமே எரிந்தது.

அறுவடை வந்தது, ஒரு மாதம் தாமதமாக. கன்றுக்குட்டி வாசலில் துள்ளிக்கொண்டிருந்தது. சோளத்தை உதிர்த்து முடித்த அன்று தாராளம் பரணிலிருந்து அந்தத் தகர வட்டத்தை எடுத்து, தூசு தட்டி, அவள் கையில் கொடுத்தான்.

"இந்தத் தடவை கொஞ்சம் மேலயே போடு."

"எவ்வளவு மேல?"

"அதை எங்கிட்ட சொல்லாதே" என்றான். "தெரிஞ்சா யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டுடுவேன்." சொல்லிவிட்டு, அவள் போட்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.