மேட்ரனின் லீவு விண்ணப்பம்

விடுதி மேட்ரன் வேலைக்குத் தொடங்கும் நேரம் உண்டு, முடியும் நேரம் கிடையாது; அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொண்டேன். ஆண்கள் விடுதிக்கு ஒரு வார்டன் இருந்தார். இருவருக்கும் ஒரே பொறுப்பு என்றுதான் நியமனக் கடிதம் சொன்னது.

அழுகை இலாகா

வார்டன் நல்ல மனிதர். ஆனால் யாராவது கண் கலங்கினால் அவருக்குக் கைகால் ஓடாது. நோர்வூட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன், வீட்டில் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார், படிப்பை விடப்போகிறேன் என்று அவர் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். உடனே ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து என்னிடம் அனுப்பிவிட்டார். அந்த மாதம் அப்படி வந்தவர்களில் அவன் ஆறாவது ஆள். என் விடுதிப் பெண்களுக்கே நேரம் போதவில்லையே என்று மறுநாள் முறையிட்டேன். "அழுகை கேஸெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் சரி வரும் மேட்ரன், எங்களுக்குச் சண்டை பிடிச்சவன விசாரிக்கத்தான் தெரியும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

தேயிலைத் தோட்டத்தில் வேலையில்லாத நாள் என்பதால் பெற்றோர் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு வருவார்கள். வட்டவளையிலிருந்து வந்த செல்வராணியின் அப்பா என்னைக் கண்டதும் தலைத்துணியை அவிழ்த்துக் கும்பிட்டார். சரியாகச் சாப்பிடாமல் கிடந்த மகளை மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றியது நான்தான் என்று அவள் எழுதியிருந்தாளாம். எனக்கும் மனம் குளிர்ந்துதான் போனது.

எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். கல்யாணமே ஆகவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மனதார வாழ்த்துகிற குரலில், "அதுவும் நல்லதுக்குத்தாங்கம்மா, இல்லாட்டி எங்க பிள்ளைங்கள பாக்க உங்களுக்கு நேரம் ஏதுங்க" என்றார்.

என் கையெழுத்து

நான்காம் வருடம் ஒரு பெண் என் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. இனி தாங்காது என்று பதினான்கு நாள் லீவு கேட்டு எழுதினேன்.

வாராவாரம் வீட்டுக்குப் போகும் பெண்களின் படிவத்தில் 'சிபாரிசு செய்கிறேன்' என்ற இடத்தில் ஒப்பமிட்டுப் பழகிய கை, என் படிவத்திலும் அங்கேயே ஒப்பமிட்டுவிட்டது. கல்லூரி அதிபர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு நீங்களே சிபாரிசு பண்ணிக்கிட்டா எப்படிங்க மேட்ரன், உங்கள நல்லா தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்.

நன்றாகத் தெரிந்தவர்

அலுவலகத்திலிருந்து விடுதிவரை மழையில் யோசித்துக்கொண்டே நடந்தேன். என்னிடம் மனதைக் கொட்டியவர்கள் ஏராளம். என்னைத் தெரிந்தவர் என்று ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் என்னை யாரிடம் அனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வார்டனிடமே போனேன். அவர் தயங்காமல் தாளை எடுத்து, 'நான்கு வருடங்களாக எனக்கு நன்கு தெரிந்த செல்வி' என்பதுவரை எழுதிப் பேனாவை நிறுத்தினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மேட்ரன், உங்க பேர் என்னங்க?" என்றார்.

லீவு கிடைத்தது, பதினான்கு நாளும் தூங்கினேன். இந்த வேலைக்கு வரப்போகும் பெண்களே, சேருகிற அன்றைக்கே உங்கள் பெயரை யாரிடமாவது சொல்லி வைத்துவிடுங்கள்.