நிறுத்திவைக்கப்பட்ட மெயில்

கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டாக்டர்களுக்கு வரும் மெயில் எல்லாம் எங்கள் சொந்த சர்வர் வழியாகத்தான் வரும். அதுவும் என் பொறுப்பு.

போன வருஷம் அந்த மெயில் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. அதிலிருந்த புது வசதிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சந்தேகமான ஃபைலோடு வரும் மெயிலை உள்ளே விடாமல் தனியாக நிறுத்திவைக்கும். முந்தின மாதம்தான் வைரஸ் புகுந்து, இரண்டு நாள் ஸ்கேன் படம் எதையும் திறக்க முடியாமல் திண்டாடியிருந்தோம். உடனே அதை இயக்கிவிட்டேன். இப்படி நிறுத்திவைத்ததை உரியவருக்குத் தெரிவிக்க இன்னொரு வசதி இருந்தது. அதைத் தனியாக இயக்க வேண்டும் என்று பதிப்போடு வந்த குறிப்புகளில் அடுத்த வரியிலேயே எழுதியிருந்தார்கள். நான் அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை.

அந்த நாட்களில் பக்கத்தில் எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து ஒரு விவசாயி தினமும் காலையில் போன் பண்ணுவார். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு வெளியூர் லேபுக்கு அனுப்பியிருந்தோம். ரிசப்ஷன் பெண் பதில் சொல்வது என் அறைக்குக் கேட்கும்.

"இன்னும் வரல அண்ணாச்சி. வந்தா நாங்களே கூப்பிடுதோம்."

ஒருநாள் அவரே நேரில் வந்துவிட்டார். மழை பெய்திருந்தது. செருப்பெல்லாம் கரிசல் மண் அப்பியிருந்தது.

"போன செவ்வாக்கெழமையே அனுப்பிட்டோம்னு லேபுல சொல்லுதாவ. நீங்க வரலேங்கிய. எது நெசம்மா?" என்று ரிசப்ஷன் பெண்ணிடம் கேட்டார்.

அவர் சத்தம் போடவில்லை. நிறுத்திவைத்த மெயில்களைத் திறந்து பார்த்தேன். ரிப்போர்ட் அங்கே இருந்தது. எட்டு நாளாக இருந்திருக்கிறது.

டாக்டர் அதைப் படித்தார். புற்றுநோய்தான். "எட்டு நாளில் பெரிய வித்தியாசம் வந்திருக்காது" என்றார். மேனேஜரோ, "சர்வர் கோளாறுன்னு சொல்லிருவோம்" என்றார். சர்வரில் எந்தக் கோளாறும் இல்லை. நான் சொன்னதைத்தான் அது செய்திருந்தது.

மறுநாள் கணவனும் மனைவியும் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப, வந்தது உள்ளயே கெடந்திருக்கு" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா. நான்தான் பாத்திருக்கணும்."

கணவர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அந்த அம்மா போகவில்லை.

"அவிய இந்த எட்டு நாளும் சரியாச் சாப்பிடல தம்பி. பதில் வரலேன்னா கெட்டதுதான்னு நெனச்சிட்டாவ. எங்கிட்ட சொல்லல." சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இனி வேற யாருக்கும் இப்படிக் கெடக்காதுல்லா?"

"கெடக்காதும்மா" என்றேன். அன்றைக்கே அந்த இரண்டாவது வசதியை இயக்கினேன். அதையும் முழுசாக நம்பாமல், தினமும் அந்தப் பட்டியலை நானே ஒருமுறை பார்க்கிறேன்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார்கள். அந்த அம்மா, "நல்லாருக்கியளா தம்பி?" என்று கேட்பார். அவர் கணவர் என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் முடியாது.

இந்த வருஷம் அடுத்த பதிப்பு வந்தது. குறிப்புகளை வரி விடாமல் படித்தேன். நிறுத்திவைத்ததைத் தெரிவிக்கும் வசதி இனிமேல் தானாகவே இயங்கும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. வேறு ஏதோ ஊரில், என்னைப் போல ஒருவன் நடந்ததைச் சொல்ல யார் முன்னாலோ போய் நின்றிருப்பான் என்று தோன்றியது.