தகரக் கொட்டகை

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு மட்டும் தகரக் கொட்டகை. தென்காசியில் சீசன் நாட்களில் வெறும் சாரலாக இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. மழை கொஞ்சம் வலுத்தால் போதும், தகரம் அருவி விழுகிற மாதிரி இரையத் தொடங்கும். இரைந்தால் நான் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிடுவேன்.

அந்த வருஷம்தான் குற்றாலத்துப் பெரிய அருவியில் என் கண்ணெதிரே வெள்ளம் அப்பாவை அடித்துக்கொண்டு போயிருந்தது. அது ஊருக்கே தெரியும். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு மூக்கைப் பொத்தத்தான் தெரிந்தது. "ஏட்டி, இவ இன்னைக்கும் மோண்டுட்டா!" என்று கத்துவார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அப்பாவை நினைத்து அழக்கூட அது விடவில்லை. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். அதுதான் தொந்தரவு. சித்தம் கலங்கியவர்களுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். அவரும் நம்பினார். "பயந்த புள்ளதானே, ஒரு குளியல்ல சரியாயிரும்" என்று ஒரு சனிக்கிழமை வகுப்பையே குற்றாலத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். என் தலையில் எண்ணெயை வைத்து, அதே அருவியை நோக்கிக் கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டேன். பாவாடையும் நனைந்தது. வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா சில நாள் பொறுத்துப் பார்த்தாள். "மானம் போனது போதும்ட்டி. வீட்டுல இருந்து பீடி சுத்து" என்றுவிட்டாள். எனக்குப் படிக்க ஆசைதான். ஆனால் அந்த முகங்களுக்கு நடுவே எப்படிப் போய் உட்காருவது?

ஹெட்மாஸ்டர் கையில் கட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா பதறிப்போய், "புள்ள தெரியாம கடிச்சிட்டா சார்வாள், மன்னிச்சிருங்க" என்றாள்.

"அவ கடிச்சது சரிதான் தாயி. நாந்தான் யோசிக்காம செஞ்சிட்டேன்" என்றவர், கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "நாளைக்கு வா. தகரத்துக்கு அடியில நீ உக்கார வேண்டாம்."

போனேன். நாலாம் வகுப்பு முழுவதும் ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. அங்கே ஐந்தாம் வகுப்பு நடத்திவந்த ஹெட்மாஸ்டர், தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தகரக் கொட்டகைக்குப் போய்விட்டார். கேட்டவர்களிடம், ஓட்டுக்கு அடியில் புழுக்கமாக இருக்கிறது என்றாராம். சீசன் காற்றில் புழுக்கமாம்!

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் அது மெதுவாகத்தான் இறங்கியது. மைதானத்துக்கு அந்தப் பக்கம், தகர இரைச்சலுக்கு மேலே அவர் தொண்டை கிழிய வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். என்னால்தானே என்று தலை குனிந்தது.

பாவாடையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்பா இனி வரமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. பலகையில் தலையைச் சாய்த்து, முதல் தடவையாக அவருக்காக அழுதேன்.