வால்பாறை மலையில் மூன்று கியர் சைக்கிள்

கட்டிங் மாஸ்டர் வந்தார். அவிநாசிக்காரர், ஐம்பதை நெருங்கியவர். டைலர் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், ஓவர்லாக் அடிப்பவன், என் வயது. டெம்போ டிரைவர் வந்தார், திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்குத் துணி ரோல் ஏற்றுகிறவர். அப்புறம் நான். நிட்டிங் மெஷின் ஓட்டுபவன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. ஷிப்மெண்ட் முடிந்த ஞாயிறு. டிரைவர் தவிர எங்கள் மூவரின் கியர் சைக்கிள்களையும் டெம்போவில் ஏற்றி ஆழியாறு போனோம். அங்கிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு.

டைலருக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஊரிலேயே கடை வைத்துத் தர மாமனார் சொல்லியிருந்தார். இனி திருப்பூருக்கு வரப்போவதில்லை. மேலே போய், மிதிக்காமல் நாற்பது வளைவும் இறங்க வேண்டும். அதுதான் அவன் ஆசை. ஏறுவது அதற்காகத்தான்.

"பனியன் கம்பெனிக் காலெல்லாம் பத்தாவது வளைவு தாண்டாதுங்க. முடியாட்டி போன் போடுங்க, அள்ளீட்டுப் போறேன்" என்றார் டிரைவர்.

"வருசம் பூரா மெஷின மிதிக்கோம் அண்ணாச்சி. ஒரு அடி நகந்ததில்ல. இன்னைக்கு நகந்து பாப்போம்" என்றான் டைலர்.

ஏறினோம். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. ஆறாவதில் மாஸ்டர் இறங்கித் தள்ளினார். பதினைந்தில் நானும். டைலர் இறங்கவில்லை. தொடை நடுங்க நடுங்க மிதித்தான். கீழே ஆழியாறு அணை ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியது. அந்தக் குளிர்ந்த காற்று மூக்கில் ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. எங்களுக்குப் பழகிய வாசம் சாயமும் பஞ்சும்தான்.

நாற்பதாவது பலகையை மதியத்துக்கு மேல்தான் தொட்டோம். டைலர் பலகைக்கு ஒரு முத்தம் வைத்தான். சைக்கிளைத் திருப்பினான். உட்கார்ந்தான். விட்டான்.

இருபது அடியில் கத்தினான். "ஏல, பிரேக்கு புடிக்கல!"

காலைத் தரையில் தேய்த்து, மலைப் பக்கத்து ஓடையில் போய் விழுந்தான். முழங்கை தோல் போனது. வேறொன்றும் இல்லை. எதிர்ப்பக்கம் போயிருந்தால் பள்ளம்.

மாஸ்டர் ரிம்மில் விரல் வைத்து மோந்து பார்த்தார். "மெஷின் ஆயிலு. இது யாரு வேலை?"

"நாந்தாங்க" என்றேன்.

சனிக்கிழமை சாயந்திரம் பனியன் வேஸ்ட் துணியில் எண்ணெய் தொட்டு மெஷினைத் துடைத்துவிட்டுத்தான் நாங்கள் வீட்டுக்குப் போவோம். முந்தின நாள் அதே கையோடு மூன்று சைக்கிளையும் துடைத்தேன். ரிம்மையும் விடவில்லை. பளபளவென்று இருந்தது. ஏறும்போது யாரும் பிரேக் பிடிக்கவில்லை. அதனால் தெரியவில்லை.

"நல்லாத்தான் தொடச்சிருக்கறே. துரு புடிக்காது. நாமதான் போய்ச் சேந்திருப்போம்" என்றார் மாஸ்டர்.

டைலர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டிரைவருக்குப் போன் போட டவர் கிடைக்கவில்லை. தள்ளிக்கொண்டு இறங்கினோம். வழியில் அட்டகட்டி என்ற ஊரில் துணி சோப்பு வாங்கி அவன் ரிம்மைக் கழுவினேன். பிரேக் வழுக்கியது. பிரேக் கட்டை ரப்பரும் எண்ணெய் குடித்திருந்தது. டீக்கடைக்காரரிடம் ஸ்பேனரை விலைக்கே வாங்கி நான்கு கட்டைகளையும் கழற்றினேன். நடந்துகொண்டே கைப்பிடிச் சுவரில் தேய்த்தேன். கறுப்பாக வந்தது. வளைவுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவன் பலகைகளைப் பார்க்காமல் நடந்தான்.

புதுச் சாம்பல் நிறம் தெரிந்த பிறகு மாட்டினேன். நானே உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். நின்றது. மறுபடி பார்த்தேன். நின்றது.

"போ" என்றேன்.

"நீங்க?"

"நாங்க நடந்துக்கறோம். நீ போ கண்ணு" என்றார் மாஸ்டர்.

போனான். சட்டை பின்னால் உப்பியது. கீழ் வளைவில் ஒரு தரம் தெரிந்தான், இரண்டு காலையும் அகல விரித்துக்கொண்டு. அவன் கத்தியது எங்களுக்குக் கேட்டது. என்ன கத்தினான் என்று தெரியவில்லை.

நாற்பதில் அவன் ஓட்டி இறங்கிய வளைவுகள் பதினொன்று.