பக்க எண் இல்லாத புத்தகம்

நசீமாவின் புத்தகத்தைக் குலைத்தவன் நான். குலைந்துபோனது தெரிந்த பிறகு, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தோம் என்று அவரிடமே பொய் சொன்னவனும் நான்தான்.

நீங்கள் அந்த நாவலைப் படித்திருக்கலாம். படித்துவிட்டு யாரிடமாவது புகழ்ந்தும் இருக்கலாம். புகழ்ந்திருந்தால் கொஞ்சம் உட்காருங்கள்... உங்களையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு விதைக்கடை. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயத்துக்கு மருந்து. மாடியில் பதிப்பகம். கீழே வருகிறவர்கள் "இது முளைக்குமா?" என்று கேட்பார்கள். மேலே அப்படிக் கேட்க ஆளில்லை. மேலே யாரும் வருவதில்லை. கோட்பாட்டு நூல்களும் சோதனை எழுத்தும் மட்டுமே போடுவேன். ஊரில் என்னைப் 'புரியாத புக்கு போடுறவரு' என்பார்கள். அதை விருதாகவே எடுத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும், "கீழ வாங்குறவங்களாச்சும் முளைக்கலன்னா சண்டைக்கு வராங்க, மேல அதுக்கும் நாதியில்ல" என்பாள்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. பக்க எண் என்பது வாசகன்மேல் பதிப்பாளன் செலுத்தும் அதிகாரம் என்று ஒரு கட்டுரை எழுதி, அரியலூரில் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். நல்ல கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள்... ஆனாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது. அதிலிருந்து எங்கள் புத்தகங்களில் பக்க எண் கிடையாது. அத்தியாயத் தலைப்பு கிடையாது. பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடிப்பதை ஃபாரம் என்பார்கள். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். அடுக்குகிறவர் வசதிக்காக ஒவ்வொரு ஃபாரத்தின் ஓரத்திலும் பொடியாக ஒரு எண் போடுவது வழக்கம். அதையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். புரட்சி என்றால் முழுசாக இருக்க வேண்டாமா?

அப்போதுதான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து நசீமா வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள். அவருடைய அண்ணன் ஜாகிர் வளைகுடாவில் டிரைவராக இருந்தவர். தங்கியிருந்த அறையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். உடல் ஊர் வந்து சேர வாரக்கணக்கில் ஆனது. அதைத்தான் எழுதியிருந்தார்.

"வூட்டுல இத யாரும் முழுசா சொல்லி நான் கேட்டதில்ல சார். அம்மா மய்யத்து வந்து எறங்குனதுலேர்ந்து ஆரம்பிச்சு அழுவும். அண்ணி போன் வந்தத சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடும். ஒரு தடவையாச்சும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா சொல்லிப்புடணும்னுதான் எழுதுனேன்."

"என்கிட்ட எப்படிம்மா வந்தீங்க?"

"புக்கு போடுற வேற யாரையும் தெரியாது சார். எங்க தெருவுல ஒங்ககிட்ட விதை வாங்குறவங்க சொன்னாங்க."

அன்றைக்கே படித்தேன். அண்ணன் முதல் முறை விமானம் ஏறியதில் தொடங்கி, அடக்கத்தில் மண் தள்ளியது வரை, ஒரு நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும் எழுத்து. இரண்டு இடத்தில் அழுதேன். அழுது முடித்துவிட்டு, 'எல்லாம் புரிகிறதே' என்று கொஞ்சம் வருத்தப்பட்டேன். அப்படிப்பட்ட ஜென்மம் நான்... இருந்தாலும் போடுவது என்று முடிவு செய்தேன். எண்கள் இல்லாமல்.

திருச்சியிலிருந்து பைண்டிங் ராஜு போன் செய்தபோது நான் ஒரு கருத்தரங்கில் இருந்தேன்.

"சார், எது முன்ன, எது பின்னன்னே தெரியல. ஒரு எடத்துலயும் நம்பர் இல்ல."

"படிச்சுப் பாத்து அடுக்குங்க ராஜு."

"படிச்சா? ஒங்க புக்கயா?" சிரித்தார். "எப்படி வச்சாலும் ஒரே மாதிரிதானே சார் இருக்கும்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். ஒரு பெண் தன் அண்ணனுக்காக வரிசை பிடித்து எழுதிய எழுத்து, அந்தச் சிரிப்போடு சிதறிப்போனது. மேடையில் ஒருவர் பிரதியின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

புத்தகம் வந்தது. பிரித்துப் படித்தேனா? இல்லை. நான் போட்ட புத்தகத்தை நானே படிக்கும் பழக்கம் அப்போதே விட்டுப்போயிருந்தது. ஒரு பேராசிரியர்தான் போனில் கூப்பிட்டார். "அடக்கத்தை முன்னால வச்சுட்டு அதுக்கப்புறம் அண்ணனைப் பேச வைக்கிறாங்களே, அசந்துபோயிட்டேன். வாக்கியம் பாதியில அறுந்து வேற வாக்கியத்துல போய் ஒட்டிக்குது பாருங்க... புலம்பெயர்ந்தவனோட மொழியே அதுதான்."

புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். ஃபாரங்கள் முன்பின்னாகத் தைக்கப்பட்டிருந்தன. விதைமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நசீமா கடைக்கு வந்தார். மக்காச்சோள விதைக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணன அடக்கம் பண்ணிட்டு வந்த பொறவு அண்ணன் போன் பண்ணுது சார்."

நான் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"தப்பா வந்துடுச்சா சார், இல்ல நீங்க மாத்துனீங்களா?"

கவனித்தீர்களா? தப்பிக்க அல்ல, ஒப்புக்கொள்ள ஒரு கதவை அவரே திறந்து வைத்தார். 'தப்புதான்மா' என்று சொல்லியிருந்தால் போதும். எல்லாப் பிரதிகளையும் பிரித்து மறுபடி தைத்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மாத்துனதுதான்மா. துக்கம் வரிசையாவா வருது, சொல்லுங்க? இது ஒரு உத்தி."

புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். "அப்படிங்களா... எனக்கு அதெல்லாம் தெரியாது சார். பன்னெண்டாவதோட நிறுத்திட்டாங்க. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

அவருக்குக் கிடைக்காத படிப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வாழ்நாள் முழுக்க அதிகாரத்தை எதிர்த்து எழுதியவன்...

அதன்பிறகு பெயர் வந்தது. நசீமாவுக்கும் எனக்கும் மேடைகள் வந்தன. மாடிக்கு ஆட்கள் ஏறி வந்தார்கள். மறுபதிப்பு போட வேண்டியதாயிற்று. அதுதான் இரண்டாவது வாய்ப்பு. சரியான வரிசை என் மாடியில், அவர் எழுதிக் கொடுத்த தாள்களில், அப்படியே இருந்தது. எடுத்தால் நாவல் நேராகும். ஆனால் என் பதிப்பகம் சிரிப்பாய்ச் சிரிக்கும். நான் ராஜுவைக் கூப்பிட்டு, பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்து, இதேபோல் அடுக்கச் சொன்னேன்.

"மொத தடவ எப்படி வச்சாலும் சரின்னு சிரிச்ச ஆளு, இப்ப இந்த வரிசதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க," என்றார் ராஜு.

முதல் தடவை நடந்தது கவனக்குறைவு என்று வாதாடலாம். இரண்டாவது தடவை? தப்பை ஒரு ஃபாரம்கூடப் பிசகாமல் நானே சரிபார்த்தேன். என் பதிப்பக வரலாற்றில் அவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறெதுவும் இல்லை.

போன மாதம் எப்படியும் சொல்லிவிடுவது என்று லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை. நசீமா டீ கொடுத்தார். அவருடைய அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். நான் தொண்டையைச் செருமியதும் அவரே பேச ஆரம்பித்தார்.

"நேத்து அம்மா ஒன்னு கேட்டுச்சு சார். ஜாகிரு கடைசியா பேசுனது பெருநாளைக்கு முன்னாடியா, பின்னாடியான்னு. எனக்குச் சட்டுன்னு வரல. மேட மேடையா இதப் படிச்சுப் படிச்சு எல்லாம் கலந்துபோச்சு. புக்க எடுத்துப் பாத்தேன். பெருநா வந்ததுக்குப் பொறவுதான் அண்ணன் போன் பண்ணுது, பின்னாடிதான்னு தெரிஞ்சுச்சு. அப்படியே சொல்லிட்டேன்." லேசாகச் சிரித்தார். "அம்மாவுக்குச் சந்தோஷம். அப்ப புள்ள பெருநா கொண்டாடிட்டுத்தான் போயிருக்கான்னுச்சு."

முன்னாடி. பெருநாளைக்கு முந்தின வாரம். அந்தப் பெருநாளன்றுதான் ஜாகிர் இறந்தார்; வீட்டுக்குச் செய்தி வந்தது சில நாள் கழித்து. நசீமா எழுதித் தந்த தாளில் அது தெளிவாக இருக்கிறது. இன்றைக்கு அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன சார், ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒன்னுமில்லம்மா," என்றேன். "டீ நல்லாருக்கு."

இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.