லோரென்ஸ் அத்தானின் கோட்டு

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் "கஸ்பார் குடிச்சிட்டு உளர்றான்" என்பார்கள். சொல்லட்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஈரல் கெட்டுவிட்டதென்று டாக்டர் மிரட்டி வைத்திருந்தார். இது நடந்தது. எனக்கே நடந்தது.

ஆஸ்திரியாவில், ஸ்டைரியா மலையில், எங்கள் வேட்டை நிலம். ஆளுயரப் பனி விழுந்துவிட்டால் காட்டு மான்களுக்கு மேய ஒன்றும் இருக்காது. நாங்கள்தான் தீனி வைப்போம். காய்ந்த புல், மக்காச்சோளம், ஆப்பிள் சக்கை. அதையும் யார் வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. தினமும் அதே ஆள், அதே மூன்று மணி, அதே கோட்டு. வாளியை மூன்று முறை தட்டும் அதே சத்தம். கொஞ்சம் மாறினாலும் மான்கள் மிரண்டு ஓடிவிடும். பல வருஷமாக அந்த ஆள் என் அக்கா நோட்புர்காவின் கணவர், லோரென்ஸ் அத்தான்.

ஜனவரியில் தீனிக் கொட்டகைக்குப் போகிற வழியில் பனிச்சரிவு அவரை வாரிக்கொண்டு போய்விட்டது. நாய்களை விட்டுத் தேடினோம். நீளக் கம்பியால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தோம். உடல் கிடைக்கவில்லை. அக்கா துக்கத்துக்கான கறுப்பு உடுத்த மாட்டேன் என்றுவிட்டாள். சாப்பாட்டு மேசையில் அவருடைய தட்டை எடுக்கவும் விடவில்லை.

பிப்ரவரியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மான்கள் என்னிடம் வரவில்லை. காட்டோரம் நின்று மூக்கைத் தூக்கும்... அப்புறம் ஒரே ஓட்டம். பசி தாங்காமல் பக்கத்துக்காரர் காட்டில் இளமரங்களின் பட்டையை உரிக்க ஆரம்பித்தன. நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் ரூப்பெர்ட் வந்து கத்தினார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன். அதுக்குள்ள தீனித் தொட்டிக்கு வரலேன்னா மொத்தத்தையும் சுட்டுத் தள்ள வேண்டியதுதான். மரம் போச்சுன்னு வர்றவனுக்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியாது."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சுக் கூப்பிட்டாருடா. அதுங்களாச்சும் எனக்கு மிஞ்சட்டும்."

வியாழக்கிழமை. கொட்டகைக்குள் போனேன். ஆணியில் அத்தானின் கம்பளிக் கோட்டு தொங்கியது.

அட, இது இருந்தால் மான்கள் வருமே என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. முந்தின நாட்களில் அதே ஆணியில்தான் என் பையை மாட்டியிருந்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இரண்டாவது பொத்தான் அறுந்து பைக்குள் கிடந்தது. சாக்கு தைக்கும் ஊசி கொட்டகையில் உண்டு. நூல்தான் இல்லை. அக்கா எனக்குப் பின்னிக் கொடுத்த சிவப்புக் கையுறையில் ஒரு இழையைப் பிரித்துத் தைத்தேன். போட்டுக்கொண்டேன். புகையிலை வாசம், ஆப்பிள் சக்கை வாசம். ஆனால் எவ்வளவு நேரம் போட்டிருந்தும் அந்தக் கோட்டு உள்ளே சூடாகவில்லை.

வாளியைத் தட்டினேன்.

மான்கள் வந்தன! பெரிய கொம்பன் முன்னால், பெட்டைகள் பின்னால், மொத்தக் கூட்டமும். அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். எதுவும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை கோட்டு ஈரமாக இருந்தது. கொட்டகைக் கூரை ஒழுகவில்லை. பைக்குள் கைவிட்டேன். கல் மாதிரி இறுகிய பனி.

சனிக்கிழமை கொட்டகை வாசலில் நின்றேன். நான் இன்னும் வாளியைத் தொடவே இல்லை.

டொக்... டொக்... டொக்...

கொட்டகைக்கு உள்ளேயிருந்து வந்தது. மணி பார்த்தேன். சரியாக மூன்று.

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் மறுநாள் ஞாயிறு. நான் போகாவிட்டால் துப்பாக்கி போகும். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. ஞாயிறும் போனேன். மான்கள் வந்தன, வயிறு முட்டத் தின்றன. எதிர்ச் சரிவில் மரப் பரணில் உட்கார்ந்து ரூப்பெர்ட் தூரப்பார்வைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ரூப்பெர்ட்டிடமிருந்து போன் வந்தது.

"சரி, பொழச்சுதுங்க. சுடல. ஆனா உனக்கு அறிவிருக்கா கஸ்பார்? ஒரு ஆள்தான் போகணும்னு தெரியாதா? கூட யாரக் கூட்டிட்டுப் போன?"

"யாரையும் கூட்டிட்டுப் போகலயே."

"விளையாடாத. ஒன் முதுகுக்குப் பின்னாடியே நின்னானே. இந்தக் குளிர்ல கோட்டுகூட இல்லாம, வெறும் சட்டையோட... விறைச்சுப்போயிட மாட்டான்?"

போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை. இரண்டு ஐம்பதுக்கே போய்விட்டேன். ஆணியில் கோட்டு. சொட்டிக்கொண்டிருந்தது. போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

டொக்... டொக்... டொக்...

மான்கள் வந்தன. நின்றன. என் தோளுக்கு மேலே பார்த்தன.

பின்னால் மூச்சு. இழுத்து இழுத்து... பல் தந்தியடிக்கிற சத்தம்.

திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

"அத்தான்..." என்றேன். "மன்னிச்சிடுங்க. உங்களுக்குக் குளிரும்னு நான் யோசிக்கல."

பொத்தான்களைக் கழற்றினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

தோளிலிருந்து கோட்டை இறக்கினேன்.

கீழே விழவில்லை.

யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பனியில் காலடி... மெல்ல... சரிவுப் பக்கம்...

அப்புறம் ஒன்றுமில்லை.

பெரிய கொம்பன் அந்தத் திசையையே ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தது. தலையைக் குனிந்து தின்னத் தொடங்கியது. அன்றிலிருந்து நான் என் பழைய உடுப்பில் போனாலும் மான்கள் வந்தன. அத்தானின் கோட்டு மட்டும் எங்கேயும் இல்லை. அக்காவிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

மே மாதம் பனி உருகி அத்தான் கிடைத்தார். ஓடைப் பள்ளத்தின் அடியில், ஐஸ் பாறைக்குள். ஐஸை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தார்கள். "சரிவு விழுந்த அன்னிக்கே இறுகிப்போச்சு. அதுக்கப்புறம் அதுக்குள்ள ஒரு ஈகூடப் போயிருக்க முடியாது" என்றார் மீட்புக் குழுக்காரர்.

அவர் கோட்டோடு இருந்தார். பொத்தான் எல்லாம் போட்டபடி.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கிளம்புறப்போ இதத்தான் போட்டிருந்தாரு. பொத்தான் அறுந்திருக்கு, தச்சுத் தரேன்னேன். சாயங்காலம் வந்து தரேன்னு பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனாரு..."

அவள் விரல் இரண்டாவது பொத்தானில் வந்து நின்றது. சிவப்பு இழை. குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்ல என் பக்கம் நிமிர்ந்தாள்.

"இது நான் உனக்குப் பின்னிக் குடுத்த கையுறை நூலுடா. நீ எப்படா இதத் தச்ச?"

பிப்ரவரியில் என்று நான் எப்படிச் சொல்வேன்?